இருட்டான ராக் பாட்டுகளோட சோகத்தை எப்படி கேட்டு புரிஞ்சுக்கிறது

ஜாய் டிவிஷன்ங்கற பேண்ட், நிக் கேவ், நிக்கோ, ஸ்காட் வாக்கர்ங்கற பாடகர்கள் மாதிரி ஆளுங்களோட பாட்டை முதல் தடவ கேக்குறவங்க பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல "என்ன இது இழவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்கு"ன்னு நிறுத்திடுவாங்க. இல்லன்னா பாடுறவருக்கு வாழ்க்கைல என்ன நடந்துச்சுன்னு தேடி படிச்சுட்டு, ஓ அவருக்கு இப்படி ஆயிடுச்சு அதனாலதான் இப்படி எழுதியிருக்காருன்னு முடிவு பண்ணி, பாட்டோட அர்த்தம் கெடச்சிடுச்சுன்னு அடுத்ததுக்கு போயிடுவாங்க. எனக்கு ரெண்டாவதுதான் அதிகமா வலிக்குது, ஏன்னா நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன், அதுல நல்ல நல்ல பாட்டையெல்லாம் வெறும் மரணச் செய்தி மாதிரி கேட்டு வீணாக்கிட்டேன்.

இப்ப நான் கேக்குற முறை வேற. அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல, வரிகளை படிக்காதீங்க. ஒரு நாள் முழுக்க படிக்காம இருங்க. ராத்திரி வீட்ல சத்தம் அடங்கின பிறகு நல்ல ஹெட்போன் போட்டு, போனை கவுத்து வச்சுட்டு, சத்தத்தை மட்டும் கேளுங்க. இந்த வகை பாட்டுல சோகம் பாதிக்கு மேல சத்தத்துலதான் இருக்கு. வார்த்தை பின்னாடி வந்து உக்காருது.

உதாரணத்துக்கு ஜாய் டிவிஷனோட முதல் ஆல்பம் 'அன்நோன் பிளஷர்ஸ்' எடுத்துக்குங்க, 1979 ஜூன்ல வந்தது, இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்துல ஸ்டாக்போர்ட்ங்கற ஊர்ல ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவுல ரெக்கார்ட் பண்ணது. அதுல பாஸ் கிட்டாரை கவனிங்க. வழக்கமா பாஸ் அடியில கெடந்து தாளத்துக்கு துணை போகும், இங்க பீட்டர் ஹுக் மேல் ஸ்தாயில வாசிக்கிறார், பாட்டோட மெட்டே பல இடத்துல அவர் கையிலதான் இருக்கு. காரணம் ரொம்ப சாதாரணமானது, கிட்டார் ஆம்ப் (சத்தத்தை கூட்டற பெட்டி) சத்தத்துல அவர் வாசிக்கிறது அவருக்கே கேக்கல, மேல வாசிச்சாதான் கேட்டுச்சு. அப்படி வந்த பழக்கம். பாடகர் இயன் கர்டிஸோட குரலோ கனமா கீழ போகுது. கீழ இருக்க வேண்டியது மேலயும் மேல இருக்க வேண்டியது கீழயும் இருக்கறதால நடுவுல ஒரு பள்ளம் விழுது பாருங்க, அந்த காலி இடம்தான் இந்த பேண்டோட சோகம். ஒரு வார்த்தை கூட புரியாதவங்களுக்கும் அது புரியும்.

அந்த பள்ளத்தை இன்னும் பெருசாக்குனது ப்ரொட்யூசர் மார்ட்டின் ஹானெட். ஸ்டீபன் மோரிஸை டிரம்ஸை ஒண்ணொண்ணா தனித்தனியா வாசிக்க வச்சு, ஒரு டிரம்மோட சத்தம் இன்னொண்ணுல கலக்காம எடுத்து, மேல டிஜிட்டல் டிலே, அதாவது எதிரொலி மாதிரி சத்தத்தை கொஞ்சம் தள்ளி திரும்ப வர வைக்கற கருவி, போட்டார். 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டுல தாளத்தோட சேர்ந்து ஸ்ஸ் ஸ்ஸ்னு ஒண்ணு வரும், அது நிஜமாவே ஒரு ஸ்ப்ரே டப்பாவை அமுக்கி எடுத்த சத்தம். கேட்டா ஆஸ்பத்திரியில ஏதோ மெஷின் மூச்சு விடற மாதிரி இருக்கும். பேண்டுல ஹுக்குக்கும் கிட்டார் வாசிச்ச பெர்னார்ட் சம்னருக்கும் அப்ப இந்த ஆல்பம் சத்தம் பிடிக்கவே இல்ல, மேடையில நாங்க எவ்வளவு ஆவேசமா வாசிப்போம் இவர் இப்படி குளிர வச்சுட்டாரேன்னு கோபம். எனக்கு ஹானெட் பண்ணதுதான் சரின்னு படுது. ஆவேசமா இருந்திருந்தா அது இன்னொரு பங்க் ஆல்பமா போயிருக்கும்.

சத்தத்தை மட்டும் கேட்டு பழகறதுக்கு இதைவிட நல்ல பயிற்சி நிக்கோவோட 'தி மார்பிள் இண்டெக்ஸ்', 1968. அதுல அவங்க வாசிக்கிறது ஆர்மோனியம். ஆமா, நம்ம நாடக மேடையில, பஜனையில பார்த்த அதே ஆர்மோனியப் பெட்டி குடும்பம்தான். நமக்கு அந்த சத்தம் கேட்டா கூட்டம், பாட்டு, பக்தின்னு தோணும். ஜெர்மனில கொலோன் நகரத்துல 1938ல பிறந்து போர் காலத்துல வளர்ந்த அந்தம்மா கையில அதே பெட்டி பனிக்காட்டுல யாருமே இல்லாத சர்ச் மாதிரி ஒலிக்குது. கூட வாசிச்சு இசையமைச்சவர் ஜான் கேல். அந்த ஆர்மோனியம் மத்த வாத்தியங்களோட சுதி சேரவே இல்லைன்னு அவர் சொல்லியிருக்கார். அதை மறைக்காம, அந்த சேராத தன்மையை அப்படியே விட்டு சுத்தி மத்த வாத்தியங்களை வச்சிருக்கார். சுதி சேராத ஒருத்தி தனியா பாடிட்டு இருக்கா, சுத்தி இருக்கறவங்க கிட்ட வராங்க ஆனா சேர முடியல. ஆல்பத்தோட அர்த்தம் அதுலயே வந்துடுச்சு, வரிகளுக்கு போகவே வேணாம்.

சரி, சத்தம் பழகிடுச்சு. ரெண்டாவது நாள் வரிகளை எடுங்க. இதுல ஒரு எச்சரிக்கை, நெட்ல கெடக்குற வரிகள்ல பல தப்பு இருக்கும், ரசிகர்கள் காதால கேட்டு டைப் பண்ணது அதிகம். ஆல்பத்தோட வந்த புக்லெட்ல அச்சாகியிருந்தா அதை பாருங்க, இல்லன்னா ரெண்டு மூணு இடத்துல ஒப்பிட்டு சந்தேகம் வர்ற வார்த்தைக்கு பாட்டையே திரும்ப போட்டு கேளுங்க. ஒரு வார்த்தை தப்பா இருந்தா முழு பாட்டும் வேற பக்கம் போயிடும்.

அடுத்தது நான் ரொம்ப நம்புற ஒரு வேலை. பாட்டை தமிழ்ல எழுதுங்க. கவிதை மாதிரி வேணாம், எதுகை மோனை எதுவும் வேணாம், பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட சொல்ற மாதிரி பேச்சுத் தமிழ்ல ஒரு நோட்டுல எழுதுங்க. மெஷின் மொழிபெயர்ப்பு வேணவே வேணாம். கையால எழுதும்போது நீங்க எங்க தயங்கறீங்களோ அங்கதான் பாட்டோட உயிர் இருக்கு.

'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' தலைப்பையே எடுங்க. "அவள் கட்டுப்பாட்டை இழந்தாள்"னு எழுதினா பேப்பர்ல லாரி கவுந்த செய்தி மாதிரி இருக்கு. நான் நாலு தடவ அடிச்சு எழுதிட்டு கடைசில "அவ உடம்பு அவ பேச்ச கேக்கல"ன்னு எழுதினேன். எழுதின உடனே ஒரு நடுக்கம் வந்துச்சு, ஏன்னா இந்த பாட்டு உண்மையிலேயே அதைப் பத்திதான். இயன் கர்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்ட் ஊர்ல வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வேலை பார்த்தவர், உடல் குறைபாடு உள்ளவங்களுக்கு வேலை தேடி குடுக்கறது அவர் பொறுப்பு. அங்க வலிப்பு நோய் இருந்த ஒரு சின்னப் பொண்ணு வேலை தேடி வந்துட்டு இருந்துச்சு, திடீர்னு வர்றது நின்னுடுச்சு. வேலை கெடச்சிடுச்சு போலன்னு நெனச்சிருக்கார். அப்புறம்தான் தெரியுது, வலிப்பு வந்து அந்தப் பொண்ணு இறந்துடுச்சுன்னு. 1979 ஜனவரியில டாக்டர்கள் அவருக்கே அதே நோய் இருக்குன்னு சொன்னாங்க.

தமிழ்ல எழுதும்போது இன்னொரு பிரச்சனை வரும், நீயா நீங்களா. இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை, நாம முடிவு பண்ணியே ஆகணும். நிக் கேவோட 'ஜீசஸ் அலோன்' பாட்டுல அவர் யாரையோ கூப்பிட்டுட்டே இருக்கார். கூப்பிடப்படுற ஆள் வரிக்கு வரி மாறிட்டே போகுது, ஒரு பொண்ணு, போதையில கெடக்குற ஒருத்தர், ஒரு டாக்டர், நெருப்பு பக்கத்துல உக்காந்திருக்குற ஒரு வயசானவர். பொண்ணை நீன்னு எழுதிட்டேன், வயசானவர் வந்ததும் கை தானா நீங்கன்னு எழுதிடுச்சு. எழுதினா பாட்டு அங்கயே ஒடஞ்சு போச்சு. இத்தனை பேரும் ஒரே ஆள்ங்கற உணர்வு போயிடுச்சு. எல்லாத்தையும் நீன்னு மாத்தினப்பதான் தோணுச்சு, நாம வயசு வித்தியாசம் பார்க்காம நீன்னு கூப்பிடறது ரெண்டு பேரைத்தான், ஒண்ணு சாமி, இன்னொண்ணு பெத்த புள்ள. தலைப்புல ஏசு இருக்கார். யாரை கூப்பிடறார்னு பாட்டு சொல்லவே இல்ல, ஆனா அந்த ஒரு எழுத்து மாத்தினதுல எனக்கு பாட்டோட பாதி கதவு தொறந்துடுச்சு.

இப்பதான் வாழ்க்கைக் கதைக்கு வரணும். மூணாவதா. அதுக்கு முன்னாடி வேணாம். ஏன்னு இதே பாட்டை வச்சே சொல்றேன். இந்த பாட்டு இருக்குற 'ஸ்கெலிட்டன் ட்ரீ' ஆல்பம் 2016 செப்டம்பர்ல வந்துச்சு. 2015 ஜூலைல நிக் கேவோட 15 வயசு மகன் ஆர்தர், இங்கிலாந்துல பிரைட்டன் பக்கத்துல ஒரு செங்குத்தான கடலோரப் பாறையில இருந்து விழுந்து இறந்துட்டான். பாட்டோட ஆரம்பத்துலயே வானத்துல இருந்து ஒருத்தர் விழுந்து பிரைட்டன் இருக்கற அதே சசெக்ஸ் பகுதியில ஓடற அடூர் ஆத்துக்கு பக்கத்துல ஒரு வயல்ல வந்து மோதறார். கேட்ட எல்லாரும் மகனைப் பத்தி எழுதியிருக்கார்னு அழுதாங்க, நானும்தான். ஆனா அந்த ஆல்பத்தோட வரிகள்ல பெரும்பகுதி மகன் இறக்குறதுக்கு முன்னாடியே எழுதினது, சில வரிகளைத்தான் அப்புறம் ரெக்கார்டிங்ல மாத்தினார்.

இதை தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு ஏமாத்தப்பட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா இதுதான் இன்னும் கொடுமை. எழுதினது முன்னாடி, பாடினதுல பலது பின்னாடி. ஏதோ கற்பனையில எழுதி வச்ச வரியை மகனை பறிகொடுத்த அப்பா மைக் முன்னாடி நின்னு திரும்ப வாயால சொல்லணும். அந்த ஆல்பத்துல பல இடத்துல குரல் தாளத்தை விட்டு நகர்ந்து போகும், சுதியில நிக்காது, சரி பண்ணாம விட்டிருக்காங்க. சோகம் வரியில இல்ல, அந்த வரியை சொல்ற வாயில இருக்கு. நம்ம ஊர்ல ஒப்பாரி கேட்டவங்களுக்கு இது புதுசு கெடையாது, வார்த்தை பாட்டி காலத்து வார்த்தையா இருக்கும், அழுகை இன்னிக்கு அழுகையா இருக்கும்.

அதனால தேதி பாருங்க. எழுதினது எப்ப, ரெக்கார்ட் பண்ணது எப்ப, வெளிய வந்தது எப்ப, இந்த மூணும் வேற வேற. பாடகர் டேவிட் போவியோட 'பிளாக்ஸ்டார்' ஆல்பம் 2016 ஜனவரி 8, அவரோட 69வது பிறந்தநாள் அன்னிக்கு வந்துச்சு, ரெண்டு நாள்ல அவர் இறந்துட்டார். நடுவுல இருந்த அந்த ரெண்டு நாள் அதை ஒரு விசித்திரமான ஜாஸ் ராக் ஆல்பமாத்தான் உலகம் கேட்டுச்சு. ஜனவரி 10க்கு அப்புறம் ஒருத்தராலயும் அப்படி கேக்க முடியல. ரெண்டு விதமா கேட்டதும் உண்மையா கேட்டதுதான்னு எனக்கு தோணுது.

அப்ப வாழ்க்கையை பாட்டோட சேர்க்கவே கூடாதான்னு கேட்டா, அதுவும் தப்பு. இயன் கர்டிஸ் விஷயத்துல அதுதான் நடந்துச்சு. கூட வாசிச்சவங்களே அவர் எழுதினதை பெருசா கவனிக்கல, வேற யாரோ ஒருத்தரோட எடத்துல நின்னு எழுதறார்னு நெனச்சோம்னு பின்னாடி சொல்லியிருக்காங்க. ரெண்டாவது ஆல்பம் 'க்ளோஸர்' 1980 மார்ச்ல ரெக்கார்ட் ஆச்சு. மே 18, அமெரிக்கா டூருக்கு கிளம்பற முந்தின நாள், அவர் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். வயசு 23. ஆல்பம் ஜூலைலதான் வந்துச்சு. வலிப்பு, அதுக்கு குடுத்த மருந்து, மனச்சோர்வு, ஒடஞ்சு போன குடும்பம், ராத்திரி கச்சேரி, எல்லாம் ஒரே பையன் மேல. வரிகள்ல எல்லாம் எழுதி வச்சிருந்தார், படிக்க ஆள் இல்ல. ஆனா அவரோட சாவை வச்சு அந்த பாட்டுகளை அழகா நெனக்காதீங்க, தயவு செஞ்சு. அவர் உயிரோட இருந்திருந்தா அந்த பாட்டு ஒரு துளி கூட கொறஞ்சிருக்காது, இன்னும் நாப்பது வருஷத்துக்கு எழுதியிருப்பார். மீதி மூணு பேரும் நியூ ஆர்டர்னு பேர் மாத்தி இசையை தொடர்ந்தாங்க.

இதுக்கெல்லாம் நேர் எதிர் ஒருத்தர் இருக்கார், மவுண்ட் ஈரிங்கற பேர்ல பாடற ஃபில் எல்வெரம். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம், அனகோர்ட்டஸ்ங்கற ஊர். அவரோட மனைவி ஜெனவியேவ் கஸ்ட்ரே, ஓவியர், பாடகி, குழந்தை பொறந்த கொஞ்ச மாசத்துல கணையப் புற்றுநோய்னு தெரிய வந்து 2016 ஜூலைல இறந்துட்டாங்க. அவங்க இறந்த அதே ரூம்ல உக்காந்து, அவங்களோட வாத்தியங்களையே எடுத்து வாசிச்சு, அவங்க வச்சிருந்த தாள்லயே எழுதி 'எ க்ரோ லுக்டு அட் மீ' ஆல்பத்தை பண்ணார், 2017 மார்ச்ல வந்துச்சு. இதுல மறைபொருள் எதுவும் கெடையாது. தேடாதீங்க. சாவு நெஜம், பாட்டு எழுதறதுக்கான விஷயம் இல்லன்னு முதல் பாட்டுலயே சொல்லிட்டு தொடங்கறார், இதுல இருந்து எனக்கு எந்த பாடமும் கத்துக்க வேணாம்னும் சொல்றார்.

அந்த முதல் பாட்டுல ஒரு பார்சல் வரும். மனைவி இறந்து ஒரு வாரம் கழிச்சு அவங்க பேருக்கே வந்த பார்சல், பிரிச்சா உள்ள மகளுக்கு ஒரு ஸ்கூல் பை. குழந்தைக்கு அப்ப ரெண்டு வயசு கூட ஆகல, ஸ்கூல் போக இன்னும் வருஷக்கணக்கு இருக்கு, அந்த நாள்ல தான் இருக்க மாட்டோம்னு தெரிஞ்சு அம்மா ரகசியமா ஆர்டர் பண்ணி வச்சிருக்காங்க. நான் இதை கேட்டது எங்கப்பா இறந்த வருஷம். அப்பா போய் மூணாவது வாரம் ஒரு கண்ணாடிக் கடையில இருந்து போன், "சார் கண்ணாடி ரெடி, எப்ப வந்தாலும் வாங்கிக்கலாம்"னு. நான் போய் வாங்கிட்டு வந்தேன். பணம் முன்னாடியே கட்டியிருந்தார். இன்னும் அந்த பாக்ஸ் பீரோவுல இருக்கு, தொடைக்கற துணி கூட மடிப்பு கலையல. அந்த பாட்டுக்கு நான் எந்த அர்த்தமும் தேட வேண்டி இருக்கல. எல்லா சோகப் பாட்டையும் அலசக் கூடாது, சிலது கேட்டுட்டு சும்மா உக்காந்திருக்கணும். எதை அலசணும் எதை விடணும்னு காது பழகப் பழகத்தான் தெரியும்.

அலசியே ஆகணும்னா ஸ்காட் வாக்கர். 60கள்ல பொண்ணுங்க கூட்டமா கத்திட்டு பின்னாடி ஓடின பாப் ஸ்டார், கடைசி காலத்துல யாருமே போகாத இடத்துக்கு போனவர். 2006ல வந்த 'தி ட்ரிஃப்ட்' ஆல்பத்துல 'கிளாரா'ன்னு கிட்டத்தட்ட 13 நிமிஷம் ஓடற பாட்டு. அதுல தாளமா வர்றது ஒரு பெரிய பன்றி இறைச்சித் துண்டை கையால குத்தற சத்தம். வரலாறு தெரியாம கேட்டா வெறும் அருவருப்புதான் வரும். 1945 ஏப்ரல்ல இத்தாலி சர்வாதிகாரி முசோலினியோட சேர்த்து அவரோட காதலி கிளாரா பெட்டாச்சியையும் சுட்டுக் கொன்னு, மிலான்ல ஒரு சதுக்கத்துல தலைகீழா தொங்க விட்டாங்க, கூட்டம் அந்த உடம்புகளை அடிச்சு சிதைச்சுச்சு. இது தெரிஞ்சா அந்த இறைச்சி சத்தம் என்னன்னு ஒடனே புரியும், புரிஞ்ச அப்புறம் கேக்கறது கஷ்டம். இந்த மாதிரி பாட்டுக்கு மட்டும் முதல்லயே பின்னணி படிச்சுட்டு போங்க. ராத்திரி படுக்க போகும்போது போட வேணாம்.

இன்னொண்ணு, இதை லேசா எடுத்துக்காதீங்க. மனசு நல்லா இருக்கற நாள்ல சோகப் பாட்டு ஒரு துணை மாதிரி இருக்கும், கேட்டு முடிச்சதும் கொஞ்சம் லேசாகும். அப்படி ஆகாம, ஒரே பாட்டையே திரும்பத் திரும்ப போட்டு, சாப்பாடு தூக்கம் போய், அந்த வரி நமக்குத்தான் சொல்லுதுன்னு தோண ஆரம்பிச்சா, பாட்டை நிறுத்திட்டு வீட்ல யார் கிட்டயாவது பேசுங்க. இந்தியாவுல இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழ்லயே பேசலாம். நண்பர் யாராவது இப்படி இருக்கறது தெரிஞ்சா அவங்க போடற வரியை வெறும் ஸ்டேட்டஸ்னு நெனச்சு தாண்டிப் போகாதீங்க, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'லயே ஆரம்பிங்க, ரெண்டு வெர்ஷன் இருக்கு. 1979 ஆல்பத்துல இருக்கறதை முதல்ல கேளுங்க. அதுல அவ விழறா, துடிக்கறா, பாடறவர் பக்கத்துல நிக்கற ஆள், அவ திரும்பி கையைப் பிடிச்ச ஆள், செத்துடுவாளோன்னு பயந்தவர், அவளோட ஃப்ரெண்டுக்கு போன் பண்றவர், அவ்வளவுதான். அப்புறம் 1980ல 12 இன்ச் ரெக்கார்டா வந்த நீளமான வெர்ஷனை போடுங்க. அதோட கடைசில முதல் வெர்ஷன்ல இல்லாத ஒரு பத்தி சேர்ந்திருக்கு. அந்தப் பத்தியில அவளைக் காணோம். இருட்டு உள்ள வந்தப்ப ஒடஞ்சு போய் அழுதது நான்னு பாடறார். ரெண்டையும் உங்க தமிழ்ல எழுதி பக்கத்துல பக்கத்துல வச்சு, அந்த 'நான்' மேல பென்சில்ல ஒரு வட்டம் போட்டுட்டு, ஒரு தடவ திரும்ப கேளுங்க.